வயசானவங்களுக்கு வீட்டுல பிசியோதெரபி: கட்டில்ல இருந்து வாசல் தாண்டி நடக்கற வரைக்கும், படிப்படியா

நான் வீடு வீடா போய் பெரியவங்களுக்கு பிசியோ பண்றவ. போன் வர்றப்ப முக்கால்வாசி பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, "அம்மா ரொம்ப டல்லாயிட்டாங்க, கால்ல பலமே இல்ல, வந்து கொஞ்சம் மசாஜ் பண்ணி கரண்ட் மெஷின் ஏதாவது வெச்சு விடுங்க". போய் பாத்தா அம்மா கட்டில்ல சாஞ்சு உக்காந்திருப்பாங்க, தண்ணி கைக்கு எட்டுற தூரத்துல, ரிமோட் பக்கத்துல, செருப்பு கட்டிலுக்கு அடியில தூசி பிடிச்சு கிடக்கும். அந்த செருப்பை பாத்தாலே எனக்கு பாதி விஷயம் புரிஞ்சுடும்.

மெஷின் வலியை கொஞ்ச நேரம் குறைக்கும், மசாஜ் இதமா இருக்கும், ரெண்டையும் நான் வேணாம்னு சொல்லல. ஆனா நாற்காலியில இருந்து எழுந்திரிக்கற பலம் அதனால வராது. தசைக்கு வேலை குடுத்தாதான் அது வளரும், அதுவும் கொஞ்சம் கஷ்டமான வேலை. "இந்த வயசுல இனிமே என்ன வளரப்போகுது"ன்னு கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 1990-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல மரியா ஃபியாடரோனேங்கற டாக்டரும் அவங்க டீமும் பண்ண ஆராய்ச்சியைத்தான். முதியோர் இல்லத்துல இருந்த 86-ல இருந்து 96 வயசுக்குள்ள 10 பேரை எடுத்து, 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், தொடைக்கு நல்லா கனமான வெயிட் குடுத்து பயிற்சி பண்ண வெச்சாங்க, முடிச்சவங்களோட தொடை பலம் சராசரியா 174 சதவீதம் ஏறுச்சு, ரெண்டு பேர் கைத்தடியையே விட்டுட்டாங்க. தொண்ணூறு வயசு தசைக்கும் வளரத் தெரியும், நாமதான் கேக்கறதில்ல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் தெரிஞ்சுக்கணும். ஆரோக்கியமா இருந்த பெரியவங்களையே 10 நாள் தொடர்ந்து படுக்க வெச்சு பாத்த ஒரு ஆராய்ச்சி 2007-ல வந்துச்சு, அந்த 10 நாள்ல கால் தசை மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ போயிடுச்சு. அவங்க நோயாளிங்க கூட இல்ல. அப்ப காய்ச்சல்ல படுத்து எழுந்தவங்களுக்கு, ஆபரேஷன் பண்ணி வந்தவங்களுக்கு எவ்ளோ போகும்னு யோசிச்சு பாருங்க. "ரெஸ்ட் எடுக்கட்டும்"னு நாம பாசத்துல விடுற ஒவ்வொரு வாரத்துக்கும் பின்னாடி மாசக்கணக்குல உழைக்க வேண்டியிருக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு ஆரம்பிங்க, முக்கியமா சமீபத்துல ஹார்ட் பிரச்சனை, பக்கவாதம், எலும்பு முறிவு, ஆபரேஷன் ஏதாவது இருந்தா. கீழ சொல்றதெல்லாம் இருந்தா பயிற்சியே வேணாம், உடனே டாக்டர்: நெஞ்சுல வலியோ அழுத்தமோ வர்றது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கறது, ஒரு பக்க கை கால் திடீர்னு தொய்ஞ்சு போறது, பேச்சு குழறுறது, ஒரு கால் மட்டும் கெண்டைக்கால்ல வீங்கி சூடா வலிக்கறது (ரத்தம் உறைஞ்சு நிக்கலாம், அதை போய் யாரும் நீவி விட்டுடாதீங்க), முதுகுவலியோட சேர்ந்து சிறுநீர் மலம் கட்டுப்பாடு போறது, கீழ விழுந்த அப்புறம் அந்த கால்ல வெயிட்டே போட முடியாம இருக்கறது.

அப்புறம் மாத்திரை. தூக்க மாத்திரை, பிபி மாத்திரை, மனசுக்கு குடுக்கற மாத்திரை இதெல்லாம் தலைசுத்தலையும் தடுமாற்றத்தையும் கூட்டலாம், அதனால எல்லா மாத்திரையோட லிஸ்ட்டையும் ஒரே பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

படி 1: முதல்ல அளந்து பாருங்க

இதை பண்ணாம யாரும் ஆரம்பிக்காதீங்க, ஏன்னா ஆறு வாரம் கழிச்சு "ஒண்ணும் முன்னேற்றம் இல்லயே"ன்னு சலிச்சுக்கும்போது காட்ட ஒரு நம்பர் கையில இருக்கணும். மூணு டெஸ்ட் போதும். மூணுலயும் நீங்க பக்கத்துலயே, கை நீட்டினா பிடிக்கற தூரத்துல நிக்கணும்.

ஒண்ணு, நாற்காலி டெஸ்ட். கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கற கெட்டியான நாற்காலியை சுவத்தோட ஒட்டி போடுங்க. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுந்து உக்கார முடியுதுன்னு எண்ணுங்க. கையை ஊணாம எழவே முடியலன்னா ஸ்கோர் 0, அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல, அதுதான் ஆரம்பப் புள்ளி. ஒரு கணக்குக்கு சொல்றேன், 65-ல இருந்து 69 வயசு ஆம்பளைங்களுக்கு 12-க்கு கீழ, பொம்பளைங்களுக்கு 11-க்கு கீழ வந்தா சராசரிக்கு குறைவு, 80-ல இருந்து 84 வயசுல அது ஆம்பளைங்களுக்கு 10-க்கு கீழ, பொம்பளைங்களுக்கு 9-க்கு கீழ.

ரெண்டு, எழுந்து நடந்து திரும்பற டெஸ்ட். நாற்காலியில இருந்து 3 மீட்டர் தள்ளி தரையில ஒரு டேப் ஒட்டுங்க. எழுந்து, வழக்கமா நடக்கற வேகத்துல போய், திரும்பி வந்து உக்காரணும், கைத்தடி வாக்கர் பயன்படுத்தறவங்க அதோடவே நடக்கலாம். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா கீழ விழற ஆபத்து இருக்குன்னு அர்த்தம். செகண்டை மட்டும் பாக்காம திரும்பற இடத்தை கவனிங்க, ரெண்டு அடியில திரும்பறாங்களா இல்ல குட்டி குட்டியா ஏழெட்டு அடி வெச்சு திரும்பறாங்களா. எனக்கு அந்த திருப்பம்தான் நேரத்தை விட அதிகமா சொல்லும்.

மூணு, நிக்கற டெஸ்ட். கிச்சன் மேடை பக்கத்துல நின்னுக்கிட்டு, முதல்ல ரெண்டு பாதமும் சேர்த்து, அடுத்து ஒரு பாதம் அரை பாதம் முன்னாடி தள்ளி, அடுத்து ஒரு குதிகால் இன்னொரு கால் விரலை தொடற மாதிரி ஒரே நேர்கோட்டுல, கடைசியா ஒத்தக்கால்ல, ஒவ்வொண்ணும் 10 செகண்ட். மூணாவது நிலையில 10 செகண்ட் நிக்க முடியலன்னா பேலன்ஸ் பயிற்சி கட்டாயம் வேணும்.

இதோட பிபியும் பாத்துடுங்க. 5 நிமிஷம் படுக்க வெச்சு ஒரு தடவை, நின்ன 1 நிமிஷத்துல ஒரு தடவை, 3 நிமிஷத்துல ஒரு தடவை. படுத்திருந்தப்ப இருந்ததை விட நின்னதும் மேல் நம்பர் 20-ஓ கீழ் நம்பர் 10-ஓ குறைஞ்சா அதை டாக்டர்கிட்ட சொல்லணும், பல பேரு "கால் பலவீனம்"னு நெனச்சுக்கிட்டு இருக்கறது உண்மையில எழுந்ததும் பிபி இறங்கறதுதான்.

படி 2: ஒரே ஒரு குறிக்கோள், அவங்க வாயால

"நடக்கணும்"ங்கறது குறிக்கோள் இல்ல. ராத்திரி யாரையும் எழுப்பாம தானா பாத்ரூம் போகணும், மாடிப்படி ஏறி பேரன் ரூமை பாக்கணும், வாசல் வரைக்கும் போய் செடிக்கு தண்ணி ஊத்தணும், இந்த மாதிரி. இதை நீங்க முடிவு பண்ணாதீங்க, அவங்ககிட்ட கேளுங்க, பதில் வர லேட்டானா காத்திருங்க. ஒரு பெரியவர் எந்த பயிற்சிக்கும் ஒத்துக்காம முகத்தை திருப்பிக்கிட்டே இருந்தாரு, மூணாவது நாள்தான் சொன்னாரு, தானா ஷேவ் பண்ணிக்க வாஷ்பேசின் முன்னாடி அஞ்சு நிமிஷம் நிக்கணுமாம், வேற ஒண்ணும் வேணாமாம். அன்னைக்கே கண்ணாடி முன்னாடி நிக்கறதையே பயிற்சியா ஆரம்பிச்சோம், அதுக்கப்புறம் அவரை நான் கெஞ்ச வேண்டியே வரல.

படி 3: படுக்கையில இருக்கறவங்களுக்கு

நாற்காலியில உக்கார முடிஞ்சவங்க இதை தாண்டி அடுத்த படிக்கு போயிடலாம். படுக்கையிலயே இருக்கறவங்களுக்கு பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டறதுல ஆரம்பிங்க, கார் பெடல் அழுத்தற மாதிரி, விழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை 20 முறை. அடுத்து முழங்காலை நீட்டி, கீழ இருக்கற மெத்தையை முழங்கால் பின்பக்கத்தால அழுத்தி 5 எண்ணி விடணும். அடுத்து முழங்கால் ரெண்டையும் மடக்கி பாதத்தை ஊணி இடுப்பை மெல்ல தூக்கணும். இந்த இடுப்பு தூக்கற பயிற்சி வந்துடுச்சுன்னா பெட்பேன் வைக்கறது, துணி மாத்தறது, படுக்கையில மேல நகர்றதுன்னு எல்லாமே சுலபமாயிடும், பாத்துக்கறவங்க முதுகும் தப்பிக்கும்.

எழுந்து உக்காரும்போது நேரா தூக்காதீங்க, ரெண்டு கையையும் பிடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க, தோள் போயிடும். முதல்ல முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே கட்டையா ஒரு பக்கம் புரளணும், காலை கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, கையால மெத்தையை ஊணி எழணும். கால் கீழ இறங்கும்போதே உடம்பு மேல வரும். உக்காந்ததும் ஒரு ரெண்டு நிமிஷம் அப்படியே இருங்க, பாதத்தை ஆட்டுங்க, தலை சுத்தலன்னாதான் அடுத்தது.

இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணவங்க வீட்டுல நான் எப்பவும் பாக்கறது பயம், "தையல் பிரிஞ்சுடுமோ, பிளேட் நகர்ந்துடுமோ". டாக்டர் வெயிட் போடலாம்னு சொல்லிட்டா மறுநாளே எழுப்பி நிக்க வைக்கறதுதான் இப்ப வழக்கம், எவ்ளோ வெயிட் போடலாம்னு மட்டும் டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி எழுதி வாங்கிக்கோங்க. படுத்தே கிடந்தா சளி கட்டறது, படுக்கைப்புண், ரத்தம் உறையறதுன்னு வரிசையா வரும்.

படி 4: உக்காந்து எழறது

இந்த ஒரே பயிற்சியை மட்டும் ஒழுங்கா பண்ணினா கூட போதும்னு சொல்ற அளவுக்கு எனக்கு இது மேல நம்பிக்கை. தொடை, பின்பக்கம், கெண்டைக்கால், இடுப்புன்னு எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது, ஒரு சாமானும் வேணாம், பாத்ரூம் போறதுக்கும் வண்டியில இருந்து இறங்கறதுக்கும் சோபாவுல இருந்து எழறதுக்கும் இதே அசைவுதான்.

எப்படி பண்றது: நாற்காலியை சுவத்தோட ஒட்டுங்க. முதல்ல பின்பக்கத்தை நகர்த்தி நாற்காலி விளிம்புக்கு வரணும், பல பேர் ஆழமா சாஞ்சு உக்காந்துக்கிட்டே எழப் பாக்கறாங்க, அது யாரா இருந்தாலும் கஷ்டம். பாதத்தை முழங்காலுக்கு கொஞ்சம் பின்னாடி இழுத்து வெச்சுக்கணும். முன்னாடி குனியணும், எவ்ளோன்னா மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற அளவுக்கு. பெரியவங்க இங்கதான் பயப்படுவாங்க, முன்னாடி குப்புற விழுந்துடுவோம்னு நெனச்சு உடம்பை பின்னாடியே வெச்சுக்குவாங்க, அதனாலயே எழ முடியாம திரும்ப தொப்புன்னு உக்காருவாங்க. அவங்க முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு அதுல கை வெச்சு குனிய சொல்லுங்க, பயம் குறையும். அப்புறம் பாதத்தை தரையில அழுத்தி எழணும், முழுசா நிமிரணும். உக்காரும்போது 1, 2, 3, 4ன்னு சத்தமா எண்ணிக்கிட்டே மெதுவா இறங்கணும். சத்தமா எண்ண சொல்றதுக்கு காரணம் இருக்கு, மூச்சை பிடிச்சுக்கிட்டு பண்ணினா பிபி சட்டுனு ஏறும், எண்ணிக்கிட்டிருந்தா மூச்சு பிடிக்க முடியாது.

ஆரம்பத்துல நாற்காலி மேல கெட்டியான குஷன் போட்டு உயரத்தை கூட்டி, கைப்பிடியை ஊணி 5 தடவை. அது சுலபமானதும் ஒரு கை மட்டும். அப்புறம் கை இல்லாம. அப்புறம் குஷனை எடுத்துட்டு. அப்புறம் 10 தடவை ரெண்டு செட், நடுவுல ஒரு நிமிஷம் ரெஸ்ட். அதுக்கும் அப்புறம் ஒரு பையில ரெண்டு தண்ணி பாட்டில் போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. எப்ப ஏத்தணும்னு எப்படி தெரியும்னா, செட் முடிக்கும்போது "இன்னும் ரெண்டு வேணா பண்ணுவேன், அதுக்கு மேல முடியாது"ங்கற மாதிரி இருக்கணும். இன்னும் பத்து பண்ணுவேன்னா அது ரொம்ப லேசு, அதுல தசை வளராது. நிறைய வீட்டுல பயிற்சி பலன் தராம போறது இந்த இடத்துலதான், முதல் வாரம் குடுத்த அதே பயிற்சியை அதே எண்ணிக்கையில ஆறு மாசம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். அப்பா எழ முயற்சி பண்ணும்போது நீங்க ஓடிப்போய் அக்குள்ள கை குடுத்து தூக்கறீங்க பாருங்க, "நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்"னு சொல்றீங்க பாருங்க, அது ஒரு நாளைக்கு இருபது தடவை நடக்குது. அந்த இருபதும் அவருக்கு கிடைச்சிருக்க வேண்டிய பயிற்சி. பக்கத்துல நில்லுங்க, கையை தயாரா வெச்சுக்கோங்க, ஆனா பத்து செகண்ட் பொறுங்க. தண்ணியை எட்டாத இடத்துல வைங்கன்னு சொல்லல, எழுந்து நாலடி நடந்து எடுக்கற இடத்துல வைங்க. எங்க பாட்டியை நாங்க எல்லாரும் சேர்ந்து இப்படித்தான் பாசமா உக்கார வெச்சோம், அப்ப நான் இந்த படிப்பு படிக்கல, அவங்க கடைசி ரெண்டு வருஷம் கட்டில்லயே போச்சு, அது இன்னைக்கும் எனக்கு ஆறல.

படி 5: மத்த பலப் பயிற்சிகள்

இதை வேகமா சொல்லிடறேன். எல்லாம் கிச்சன் மேடையை பிடிச்சுக்கிட்டு. குதிகாலை தூக்கி விரல்ல நிக்கறது, 10. விரலை தூக்கி குதிகால்ல நிக்கறது, 10, இது நடக்கும்போது கால் தட்டி தடுக்காம இருக்க உதவும். காலை பக்கவாட்டுல தூக்கறது, விரல் முன்னாடி பாத்து இருக்கணும், உடம்பு சாயக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் 10. முழங்காலை பின்னாடி மடக்கறது, 10. நாற்காலியில உக்காந்து முழங்காலை நேரா நீட்டி 3 எண்ணி இறக்கறது, 10, இதுக்கு கணுக்கால்ல அரை கிலோ இல்ல 1 கிலோ வெயிட் கட்டி மெதுவா ஏத்தலாம். கைக்கு, சுவத்துல ரெண்டு உள்ளங்கையும் ஊணி புஷ்-அப் மாதிரி 10, கை பலம் இருந்தாதான் தடுமாறும்போது எதையாவது பிடிச்சு நிக்க முடியும்.

வாரத்துக்கு 3 நாள், நடுவுல ஒரு நாள் விட்டு. தசை அந்த லீவு நாள்லதான் சரியாகி பலமாகும்.

வலி எவ்ளோ வரைக்கும் பொறுக்கலாம்னு எல்லாரும் கேப்பாங்க. வலியே இல்லன்னா 0, தாங்கவே முடியாத வலின்னா 10னு வெச்சா, 3 வரைக்கும் பரவால்ல, மறுநாள் பழைய நிலைக்கு வந்துடணும். 24 மணி நேரம் தாண்டியும் வலி கூடியே இருந்தா, மூட்டு வீங்கினா, நேத்து பண்ணது அதிகம்னு அர்த்தம், பாதியா குறைங்க, மொத்தமா நிறுத்தாதீங்க. ஆரம்பத்துல ரெண்டு நாள் தொடை சதை வலிக்கறது சகஜம், அது மூட்டு வலி இல்ல, ரெண்டுக்கும் வித்தியாசம் அவங்களுக்கே சொல்லிக் குடுங்க.

படி 6: பேலன்ஸ்

நடந்தா போதும், விழமாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நடை ரொம்ப நல்லது, இதயத்துக்கு மனசுக்கு தூக்கத்துக்கு எல்லாத்துக்கும், ஆனா விழாம இருக்க பேலன்ஸை தனியா பழக்கணும். மருத்துவ ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து அலசற காக்ரேன்ங்கற சர்வதேச அமைப்போட 2019 தொகுப்பு 108 ஆராய்ச்சிகளை சேர்த்து பாத்துச்சு, உடற்பயிற்சியால கீழ விழறது 23 சதவீதம் குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க, பலன் தெளிவா தெரிஞ்சது பேலன்ஸ் பயிற்சியும் அன்றாட அசைவு பயிற்சியும் இருந்த திட்டங்கள்ல, வெறும் நடைக்கு அந்த மாதிரி உறுதியா சொல்ல முடியல. நியூசிலாந்துல ஒடாகோ பல்கலைக்கழகம் உருவாக்கின வீட்டுப் பயிற்சி திட்டமும் இதே வழிதான், வாரத்துக்கு 3 நாள் அரை மணி நேரம் பலமும் பேலன்ஸும், அதோட 2 நாள் நடை, அதுல விழறது 35 சதவீதம் குறைஞ்சுது. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதல்ல 65 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு வாரத்துக்கு 3 நாளாவது பேலன்ஸும் பலமும் சேர்ந்த பயிற்சி வேணும்னு சொல்லுது, நடை மாதிரி மிதமான உழைப்பும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது இருக்கணும்.

பேலன்ஸ் வளரணும்னா கொஞ்சம் ஆடணும், ஆனா விழக் கூடாது. அதனால இடம் முக்கியம்: சமையல் மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவுல, இல்லன்னா ரூம் மூலையில முதுகை மூலைக்கு குடுத்து, முன்னாடி ஒரு நாற்காலி. டெஸ்ட்ல எந்த நிலையில திணறினாங்களோ அங்க இருந்து ஆரம்பிங்க. ரெண்டு கையால பிடிச்சு, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல், அப்புறம் கை மேடைக்கு மேல காத்துல. 10 செகண்ட் சுலபமா நின்னா தலையை இடது வலது திருப்ப சொல்லுங்க. அதுக்கப்புறம் மேடையை ஒட்டியே பக்கவாட்டு நடை, குதிகால் விரல் தொட்டு நேர்கோட்டு நடை, பின்னாடி நடை. கண்ணை மூடிக்கிட்டு நிக்கறதெல்லாம் பிசியோ பக்கத்துல இருக்கும்போது மட்டும் வெச்சுக்கோங்க.

நடந்துக்கிட்டே பேசறதும் ஒரு பயிற்சிதான். 1997-ல ஸ்வீடன்ல ஒரு எளிமையான விஷயத்தை கவனிச்சாங்க, நடக்கும்போது பேச்சு குடுத்தா நடையை நிறுத்திட்டு பதில் சொல்ற பெரியவங்க, அடுத்த ஆறு மாசத்துல மத்தவங்களை விட ரொம்ப அதிகமா விழுந்தாங்க. அவங்களுக்கு நடை இன்னும் கவனத்தை முழுசா கேக்குது. அப்படிப்பட்டவங்களை நடக்கும்போது பின்னாடி இருந்து கூப்பிடாதீங்க, போன் குடுக்காதீங்க. பலம் வந்ததும் மெதுவா பழக்கலாம், நடந்துக்கிட்டே கிழமைகளை பின்னாடி இருந்து சொல்றது, தண்ணி இருக்கற டம்ளரை கையில எடுத்துட்டு நடக்கறது.

படி 7: நடை, கைத்தடி, வாக்கர்

எவ்ளோ வேகமா நடக்கணும்னா, பேச முடியணும், பாட முடியக் கூடாது. 5 நிமிஷத்துல ஆரம்பிச்சா கூட போதும், ஒரு நாளைக்கு மூணு தடவை, வாரத்துக்கு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஏத்துங்க.

கைத்தடி விஷயத்துல நான் போற வீட்டுல பாதிப் பேர் தப்பாதான் பிடிச்சிருக்காங்க. வலது முழங்கால் வலிச்சா கைத்தடி இடது கையில, எதிர்ப்பக்கம். வலிக்கற காலும் கைத்தடியும் ஒண்ணா முன்னாடி போகணும். உயரம்: செருப்பு போட்டு நேரா நின்னு கையை தொங்கவிட்டா, மணிக்கட்டு ரேகைக்கு நேரா கைத்தடியோட பிடி வரணும், அப்ப பிடிக்கும்போது முழங்கை லேசா மடங்கும். யாரோ பயன்படுத்தினதை அப்படியே எடுத்து குடுக்கறாங்க, அது உயரமா இருந்தா தோள் வலி, குட்டையா இருந்தா கூன். கீழ இருக்கற ரப்பர் தேய்ஞ்சிருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

வாக்கர் வெச்சிருக்கறவங்க அதை ரொம்ப தூரம் முன்னாடி தள்ளிட்டு பின்னாடி குனிஞ்சு ஓடுவாங்க, உடம்பு வாக்கரோட நாலு காலுக்குள்ள இருக்கணும். எழும்போது வாக்கரை பிடிச்சு இழுத்து எழக் கூடாது, நாற்காலியை ஊணி எழுந்து அப்புறம் வாக்கரை பிடிக்கணும். மாடிப்படிக்கு, ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கற கால் முதல்ல, கைப்பிடி எப்பவும்.

காலணி பின்பக்கம் மூடி, அடிப்பாகம் மெல்லிசா கெட்டியா, வழுக்காம. ராத்திரி பாத்ரூம் போற வழியில சின்ன லைட், ஓரம் மடங்குற மிதியடியை எடுத்துடுங்க, பாத்ரூம்ல சுவத்துல திருகி மாட்டின கைப்பிடி, டவல் கம்பி ஆள் வெயிட்டை தாங்காது.

படி 8: தரையில இருந்து எழுந்திரிக்கறது

யாரும் சொல்லிக் குடுக்காத ஒண்ணு. அடிபடாம விழுந்தவங்க கூட எழத் தெரியாம மணிக்கணக்கா தரையில கிடக்கறாங்க, அந்த பயத்துலயே அப்புறம் நடக்கறதையே குறைச்சுக்கறாங்க. விழுந்ததும் அவசரப்படக் கூடாது, கை கால் ஒவ்வொண்ணா அசைச்சு பாக்கணும், எங்கயாவது கடுமையா வலிச்சா, தலையில அடிபட்டிருந்தா எழவே கூடாது, ஆளை கூப்பிடணும், தூக்கறவங்களும் அவசரப்பட்டு தூக்கக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு தலையில லேசா அடிபட்டா கூட ஆஸ்பத்திரி.

வலி இல்லன்னா, ஒரு பக்கம் புரண்டு, கையை ஊணி பக்கவாட்டுல உக்காந்து, அப்படியே முட்டி போட்டு நாலு கால் நிலைக்கு வந்து, கிட்ட இருக்கற நாற்காலி வரைக்கும் தவழ்ந்து, ரெண்டு கையையும் இருக்கையில ஊணி, பலமான காலை முன்னாடி வெச்சு பாதத்தை ஊணி, அழுத்தி எழுந்து, திரும்பி உக்காரணும். பழக்கும்போது இதை தலைகீழா பழக்குங்க, முதல்ல நாற்காலியை பிடிச்சு ஒரு முட்டி மட்டும் கீழ வெச்சு எழறது, அது வந்ததும் ரெண்டு முட்டி, அப்புறம் நாலு கால் நிலை. முட்டிக்கு கீழ தடியான மெத்தை போடுங்க, மூட்டு மாத்தினவங்க பிசியோகிட்ட கேட்டுட்டு பண்ணுங்க.

சில நோய்களுக்கு தனியா

முழங்கால் தேய்மானம் இருக்கறவங்க "நடந்தா இன்னும் தேய்ஞ்சுடும்"னு உக்காந்துடறாங்க, தொடை தசை பலமானா மூட்டு மேல விழற சுமை குறையும், வலியும் குறையும். மூட்டு மாத்து ஆபரேஷன் பண்ணவங்க முழங்காலுக்கு அடியில தலையணை வெச்சு படுக்காதீங்க, இதமாதான் இருக்கும், ஆனா கால் முழுசா நீட்ட வராம போயிடும், வேணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க. எலும்பு அடர்த்தி குறைஞ்சவங்க காலை தொடற மாதிரி குனியறது, குனிஞ்சுக்கிட்டே திரும்பி வெயிட் தூக்கறது வேணாம், முதுகெலும்பு நசுங்கலாம். பக்கவாதம் வந்தவங்களோட பலமில்லாத கையை பிடிச்சு இழுத்து எழுப்பாதீங்க. பார்க்கின்சன் (கை நடுங்கி, அசைவு மெதுவாகற நரம்பு நோய்) இருந்து கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுட்டா, தள்ளாதீங்க, "ஒண்ணு, ரெண்டு"ன்னு தாளம் மாதிரி எண்ணுங்க, இல்ல தரையில கோடு போட்ட மாதிரி டேப் ஒட்டி அதை தாண்ட சொல்லுங்க, நிறைய பேருக்கு கால் கிளம்பிடும். சர்க்கரையால பாதம் மரத்துப்போனவங்களுக்கு சூடு ஒத்தடம் குடுக்காதீங்க, சுடறதே தெரியாம கொப்பளிச்சுடும்.

மறதி நோய் இருக்கறவங்களுக்கு "இடுப்பை முன்னாடி கொண்டு வாங்க, பாதத்தை பின்னாடி வைங்க"ன்னு விளக்கம் சொன்னா குழம்பிடுவாங்க. முன்னாடி நின்னு நீங்களே பண்ணிக் காட்டுங்க, இல்லன்னா கதவுகிட்ட நின்னு "வாங்க, வெளிய போலாம்"னு கை நீட்டுங்க, உடம்புக்கு எழத் தெரியும்.

படி 9: ஆறு வாரம் கழிச்சு

காலெண்டர்ல பயிற்சி பண்ண நாளை அவங்க கையாலயே டிக் பண்ண வைங்க. ஒரு நாள் விட்டா திட்டாதீங்க. ஆறு வாரம் ஆனதும் அதே நாற்காலி, அதே டேப், அதே செருப்பு, அதே நேரம், படி 1-ல பண்ண மூணு டெஸ்ட்டையும் திரும்ப பண்ணுங்க. 30 செகண்ட்ல 4 தடவை எழுந்தவங்க 7 தடவை எழுந்தா அந்த ரெண்டு நம்பரையும் பெருசா எழுதி அவங்க கண்ணுல படற இடத்துல ஒட்டுங்க. நம்பர் அப்படியே இருந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பயிற்சி ரொம்ப லேசா இருக்கான்னுதான், அடுத்தது சாப்பாட்டுல புரதம் போதுமா இருக்கா, வலிக்கு பயந்து பாதியில நிறுத்தறாங்களா, மனசு சோர்ந்து இருக்காங்களா. நம்பர் குறைஞ்சிருந்தா, இல்ல நடுவுல ஒரு தடவை விழுந்திருந்தா, காத்திருக்காம டாக்டரையும் பிசியோவையும் திரும்ப பாக்க வைங்க. போகும்போது அந்த காலெண்டரையும் மாத்திரை லிஸ்ட்டையும் கையோட எடுத்துட்டு போங்க.